தரைதட்டிய படகின் சுக்கான் பழுது

தரைதட்டிய படகின் சுக்கான் பழுது என்பது, ஆழம் குறைந்த நீரில் மணல்திட்டு, பாறை அல்லது நீரில் மூழ்கிய வேறு பொருளின் மீது படகு மோதுவதால் அதன் திசைதிருப்பும் அமைப்பில் ஏற்படும் சேதம் ஆகும். சுக்கான் இலை, சுக்கான் தண்டு, தண்டைத் தாங்கும் தாங்கிகள், திருப்புகை, சங்கிலி அல்லது கம்பிவடம், சுக்கான் சக்கரம் ஆகிய அனைத்தும் திசைதிருப்பும் அமைப்பைச் சேர்ந்தவை. வெளிப்பொருத்து இயந்திரம் கொண்ட படகுகளில் தனிச் சுக்கான் இல்லை. அவற்றில் இயந்திரமே திசைதிருப்பியாகவும் செயல்படுகிறது.

தரைதட்டிய படகு பெரும்பாலும் மீண்டும் மிதந்து தானாகவே கரை சேர்ந்துவிடும். இதனால் பழுது ஏதும் இல்லை என்று கருதப்படுவதுண்டு. ஆனால் சிறிது வளைந்த தண்டோ பாதி அறுந்த இணைப்போ அமைதியான நீரில் தன்னை வெளிக்காட்டுவதில்லை. முகத்துவாரத்தில் அலையைக் கடக்கும்போது சுக்கானை முழுமையாகத் திருப்ப நேரிடும் வேளையிலேயே அது உடைகிறது. அவ்வேளையில் திசை இழந்த படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பிக் கவிழக்கூடும். எனவே தரைதட்டிய ஒவ்வொரு படகும், நன்றாக ஓடுவதுபோல் தோன்றினாலும், அடுத்த பயணத்திற்கு முன் சோதிக்கப்பட வேண்டும்.

சொற்கள்

சுக்கான் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. படகின் முன்பகுதி அணியம் என்றும், அடிப்பகுதியில் நீளவாக்கில் அமைந்த முதுகெலும்பு போன்ற கட்டை ஏரா என்றும் வழங்கப்படுகின்றன. படகை உந்தும் சுழலியை மீனவர்கள் காற்றாடி என்பர். மரப் பலகைகளின் இடைவெளியில் நாரையோ பஞ்சையோ செலுத்தி நீர் புகாமல் அடைக்கும் வேலை கலப்பற்று எனப்படும். சுக்கான் தண்டின் மேல்முனையில் பொருத்தப்பட்டு அதைத் திருப்பப் பயன்படும் நெம்புகோல் இக்கட்டுரையில் திருப்புகை எனக் குறிக்கப்படுகிறது.

திசைதிருப்பும் அமைப்பின் வகைகள்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் மூன்று வகைகள் பரவலாகக் காணப்படுகின்றன.

1. துடுப்பு: கட்டுமரத்தின் பின்பகுதியில் நிற்பவர் துடுப்பைச் சாய்த்துத் திசையை மாற்றுவார். தரைதட்டும்போது துடுப்பை மேலே தூக்கிவிட முடியும் என்பதால் இவ்வகையில் பழுது மிகக் குறைவு.

2. வெளிப்பொருத்து இயந்திரம்: 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பெருமளவில் பரவிய கண்ணாடியிழைப் படகுகள் இவ்வகையின. இவை பேச்சு வழக்கில் பைபர் படகு எனப்படுகின்றன. நீண்ட தண்டின் முனையில் காற்றாடி கொண்ட இயந்திரத்தைக் கைப்பிடியால் பக்கவாட்டில் அசைத்துப் படகு திருப்பப்படுகிறது. சுற்றுலாப் படகுகள் சிலவற்றில் சக்கரத்திலிருந்து இயந்திரத்திற்கு உறையிட்ட கம்பி செல்லும்.

3. உள்பொருத்து இயந்திரமும் சுக்கானும்: காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகங்களிலுள்ள விசைப்படகுகள் இவ்வகையின. காற்றாடிக்கு நேர் பின்னே சுக்கான் இலை தொங்கும். சக்கரத்தின் சுழற்சி சங்கிலி, கம்பிவடம் அல்லது இரும்புக்கோல் வழியாகத் திருப்புகையை அடையும். ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெயின் அழுத்தம் இவ்வேலையைச் செய்கிறது.

மூன்றாம் வகையில் சுக்கானின் கீழ்முனை எதனாலும் தாங்கப்படாமல் தொங்கலாம். அல்லது ஏராவிலிருந்து பின்னோக்கி நீளும் இரும்புப் பட்டையில் அமைந்த அடிதாங்கியில் நிற்கலாம். தொங்கும் சுக்கானில் மோதலின் விசை முழுவதும் தண்டை வளைக்கிறது. அடிதாங்கி உள்ள சுக்கானில் அப்பட்டையே முதல் அடியை வாங்குகிறது. தண்டு தப்பினாலும் பட்டை மேல்நோக்கி வளைந்து சுக்கானை இறுக்கிவிடக்கூடும்.

சென்னையின் தென்பகுதியும் தரைதட்டலும்

சென்னைக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்டபின் அதன் தெற்கே மெரினா கடற்கரை அகன்றதற்கும் வடக்கே கரை அரிக்கப்பட்டதற்கும் இதுவே காரணம். இதே மணல் அடையாறு, கூவம், கோவளம் ஆகிய முகத்துவாரங்களிலும் படிகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் வாயைத் திறக்கிறது. கோடையில் மணல்திட்டு அதனை மூடுகிறது. சென்ற வாரம் படகு சென்ற வழி இவ்வாரமும் ஆழமாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கோவளம் கழிமுகத்தை ஒட்டிய முட்டுக்காட்டில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் இயங்கி வருகிறது. இந்நீர்நிலை தென்சென்னைப் புறநகர்களின் வடிகால் முனையும் ஆகும். பெரும்பாக்கம் உள்ளிட்ட பகுதிகளின் மழைநீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் கழிமுகத்தில் கடலில் சேர்கிறது.

இவ்வடிகால் நிரம்பி வழியும்போது படகு பெரும்பாக்கத்திற்கே வரவேண்டியுள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்சாங் புயலின்போதும் தென்சென்னைப் புறநகர்களில் மக்களை மீட்கப் படகுகள் பயன்படுத்தப்பட்டன. மீனவர்கள் தம் படகுகளைக் கடற்கரையிலிருந்து வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்தனர். சாலை வெள்ளத்தில் தரைதட்டல் கடலைவிட எளிதில் நேரும். கலங்கிய நீருக்கு அடியிலுள்ள சாலைத் தடுப்பு, வேகத்தடை, சுற்றுச்சுவர், மூழ்கிய வாகனம் ஆகியவை படகைப் பொறுத்தவரை பாறைகளே. இவற்றில் இயந்திரத்தின் அடிப்பகுதி இடிபட்ட படகு சில நாள்களில் மீண்டும் கடலுக்குச் செல்கிறது. ஆகவே மீட்புப் பணிக்குச் சென்று திரும்பிய படகும் தரைதட்டிய படகாகவே கருதிச் சோதிக்கத் தக்கது.

சேதத்தின் இயற்பியல்

சுக்கான் தண்டு பக்கவாட்டு நீரழுத்தத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகிறது. இவ்வழுத்தம் இலையின் பரப்பிற்கும் வேகத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறும். தரைதட்டலில் வரும் விசை இதனின்று வேறுபட்டது. அது திடீரென, பெரும்பாலும் இலையின் கீழ்முனையில், ஒரு புள்ளியில் தாக்குகிறது.

எடுத்துக்காட்டாக, தாங்கிக்குக் கீழே 0.6 மீட்டர் தொலைவில் 4000 நியூட்டன் விசை தாக்குவதாகக் கொள்வோம். இது சுமார் 400 கிலோகிராம் பொருளின் எடைக்குச் சமம். வளைக்கும் திருப்புத்திறன் 2400 நியூட்டன் மீட்டர் ஆகும். தண்டின் விட்டம் 40 மில்லிமீட்டர் எனில் அதில் தோன்றும் தகைவு ஏறத்தாழ 382 மெகாபாசுக்கல். சாதாரண மென்னெஃகு சுமார் 250 மெகாபாசுக்கலில் நிலையாக வளையத் தொடங்குவதால் இத்தண்டு வளைந்துவிடும். விட்டம் 50 மில்லிமீட்டர் எனில் தகைவு ஏறத்தாழ 196 மெகாபாசுக்கலாகக் குறைகிறது, தண்டு தப்பிவிடும். தகைவு விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதே இதற்குக் காரணம். துருவால் சில மில்லிமீட்டர் தேய்ந்த பழைய தண்டு எளிதில் வளைவதற்கும் இதுவே விளக்கம்.

தண்டு தப்பினால் விசை மறைந்துவிடுவதில்லை. அது மேலேறித் தாங்கிகளையும், திருப்புகையைத் தண்டுடன் பிணைக்கும் துண்டையும், சங்கிலியையும் தாக்குகிறது. இத்துண்டு பட்டறைகளில் கீ எனப்படும். வலுவான தண்டு கொண்ட படகில் கண்ணுக்குத் தெரியும் சேதம் கீழே இல்லாவிடினும் மேலே இருக்கக்கூடும். பழுது அறிதல் என்பது இவ்விசை சென்ற வழியைப் பின்தொடர்வதே ஆகும்.

தரைதட்டிய உடன் செய்ய வேண்டுவன

- காற்றாடியின் இயக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். மணலில் சுழலும் காற்றாடி இதழ்களைத் தேய்ப்பதோடு, குளிர்விக்கும் நீருடன் மணலையும் இயந்திரத்திற்குள் இழுத்துவிடும்.
- படகிலுள்ளோர் அனைவரும் உயிர்காப்புச் சட்டை அணிந்துள்ளனரா என உறுதி செய்ய வேண்டும்.
- படகின் உட்புறத்தில், குறிப்பாகப் பின்பகுதியில், நீர் புகுகிறதா எனப் பார்க்க வேண்டும். நீர் புகும் படகை ஆழத்திற்கு இழுப்பது மூழ்கடிப்பதற்கு ஒப்பாகும்.
- கழியால் படகைச் சுற்றிலும் ஆழம் அளந்து, ஆழமான பக்கத்தை அறிய வேண்டும்.
- முழு விசையுடன் பின்னோக்கி இயக்குவதைத் தவிர்க்க வேண்டும். பின்னே செல்லும்போது சுக்கானே முதலில் மணலைக் குத்தும். இழுக்கும் முன் சுக்கானை நடுநிலையில் நிறுத்த வேண்டும்.
- இழுவைக் கயிற்றைப் படகின் உறுதியான கட்டுத்தறியில் மட்டுமே கட்ட வேண்டும். சுக்கானிலோ காற்றாடித் தண்டிலோ கட்டக்கூடாது.

சென்னையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓதக் காலத்திலும் சுமார் ஒரு மீட்டர் அளவினதே. ஏற்றத்தின் உச்சத்தில் தரைதட்டிய படகு தானே மிதப்பது அரிது. இறக்கத்தில் தட்டிய படகுக்குச் சில மணி நேரக் காத்திருப்பு பயன்தரும்.

பழுது அறிதல்

அறிகுறிகள்

- சக்கரம் எல்லா நிலையிலும் கடினமாகச் சுழலுதல்: தாங்கி விலகியிருக்கலாம் அல்லது அடிதாங்கிப் பட்டை வளைந்திருக்கலாம்.
- ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இறுகுதல்: தண்டு வளைந்ததன் தெளிவான அறிகுறி. வளைந்த தண்டு சுழலும்போது ஒரு நிலையில் மட்டும் தாங்கியை அழுத்தும்.
- சக்கரம் தடையின்றிச் சுழலுதல், படகு திரும்பாமை: சங்கிலி அல்லது கம்பிவடம் அறுந்திருக்கும், கீ முழுவதும் வெட்டுண்டிருக்கும், அல்லது ஹைட்ராலிக் எண்ணெய் வடிந்திருக்கும்.
- சக்கரம் நடுநிலையில் இருந்தும் படகு ஒருபுறம் இழுத்தல்: இலை தண்டின் மீது முறுக்கிக்கொண்டிருக்கலாம் அல்லது திருப்புகை நழுவியிருக்கலாம்.
- சக்கரத்தில் வெற்றசைவு மிகுதல்: மரையாணிகள் தளர்ந்திருக்கும் அல்லது கீ பாதி வெட்டுண்டிருக்கும்.
- அதிர்வு: காற்றாடி இதழோ அதன் தண்டோ வளைந்திருக்கும்.
- பின்பகுதியில் நீர்க் கசிவு: தண்டு படகினுள் நுழையும் இடத்திலுள்ள அடைப்பு சிதைந்திருக்கும், மரப்படகில் கலப்பற்று விட்டிருக்கும்.

பிரித்துப் பார்க்கும் சோதனை

பழுது மேலேயா கீழேயா என அறிய ஓர் எளிய முறை உள்ளது. சங்கிலி அல்லது எண்ணெய் உருளையைத் திருப்புகையிலிருந்து கழற்றிவிட்டு, திருப்புகையைக் கையால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நகர்த்த வேண்டும். அது இலகுவாக நகர்ந்தால் இறுக்கம் சக்கரத்திற்கும் திருப்புகைக்கும் இடையே உள்ளது. கடினமாக நகர்ந்தால் தண்டு, தாங்கி, இலை ஆகியவற்றில் பழுது உள்ளது. அடுத்து, ஒருவர் திருப்புகையை அசையாமல் பிடித்திருக்க மற்றொருவர் இலையை அசைத்துப் பார்க்க வேண்டும். திருப்புகை நிற்க இலை மட்டும் நகர்ந்தால் இரண்டிற்கும் இடையிலுள்ள ஏதோ ஒரு பிணைப்பு விட்டுவிட்டது. இலையைத் தொட்டுப் பார்க்கும்போது இயந்திரம் இயங்காத நிலையில் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

கரையேற்றியபின் சோதனை

படகைக் கரையேற்றியபின் இலையின் பின்விளிம்பிலிருந்து படகிலுள்ள ஒரு நிலையான புள்ளி வரையான தொலைவு, வலக்கோடியிலும் இடக்கோடியிலும் அளக்கப்படுகிறது. இரண்டும் வேறுபட்டால் தண்டு வளைந்திருக்கிறது அல்லது திருப்புகை நழுவியிருக்கிறது. துல்லியமாக அறிய, தண்டைக் கழற்றி இரு தாங்கிகளின் மீது வைத்துச் சுழற்றி, முள்மானியால் அதன் ஆட்டம் அளக்கப்படுகிறது.

பற்றவைப்பு இணைப்புகளிலுள்ள நுண்ணிய விரிசல்களைக் காணச் சாய ஊடுருவல் சோதனை பயன்படுகிறது. தூய்மையாக்கிய பரப்பில் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெண்ணிறப் பொடி தெளித்தால், விரிசலில் தங்கிய சாயம் கோடாக வெளிப்படும். கண்ணாடியிழையால் ஆன இலையைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல பகுதி கணீரென ஒலிக்கும். அடுக்குகள் பிரிந்த பகுதி மந்தமாக ஒலிக்கும். இத்தகைய இலையினுள் தண்டுடன் பற்றவைக்கப்பட்ட எஃகுப் பட்டைகள் இருக்கும். விரிசல் வழியே நீர் புகுந்தால் அவை வெளியே தெரியாமல் துருப்பிடித்து அறுந்துவிடும்.

வெளிப்பொருத்து இயந்திரத்தில்

கைப்பிடி, இயந்திரத்தைப் படகில் பிணைக்கும் திருகுகள், அவை பொருந்தியுள்ள பின்பலகை, இயந்திரம் திரும்பும் அச்சு, காற்றாடித் தண்டு ஆகியவை வரிசையாகப் பார்க்கப்பட வேண்டும். அடிப்பகுதியில் பற்சக்கரப் பெட்டி உடைய இயந்திரத்தில் அப்பெட்டியின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் அடைப்பு வழியே நீர் புகுந்துள்ளது. காற்றாடித் தண்டு வளைந்ததற்கு இது ஓர் அறிகுறியாக இருக்கலாம்.

செப்பனிடுதல்

- தண்டு: சிறிதளவே வளைந்த மென்னெஃகுத் தண்டை அழுத்தியில் வைத்துச் சூடாக்காமல் நிமிர்த்தலாம். அதன்பின் விரிசல் சோதனை கட்டாயம். மிகுதியாக வளைந்த தண்டையும் ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்தப்பட்ட தண்டையும் மாற்றிவிடுவதே பாதுகாப்பானது. துருவேறா எஃகைச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் அரிப்பெதிர்ப்புத் தன்மை குறையக்கூடும்.
- கீ: பாதி வெட்டுண்ட கீயை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அது அமரும் பள்ளம் அகன்றிருந்தால் பள்ளத்தையும் சீர்செய்து, அதற்கேற்ற புதிய கீ இடப்படுகிறது. தளர்வைத் தகட்டுத் துண்டு செருகிச் சரிசெய்வது தற்காலிகத் தீர்வே.
- தாங்கியும் அடைப்பும்: தேய்ந்த புஷ்ஷும் அடைப்புக் கயிறும் ஒருசேர மாற்றப்படுகின்றன. அடைப்பை அளவுக்கு மீறி இறுக்கினால் சக்கரம் கடினமாகும்.
- அடிதாங்கிப் பட்டை: இதனை நிமிர்த்தும்போது மேல்தாங்கியுடன் ஒரே நேர்க்கோட்டில் அமைவதை நூல் கட்டிச் சரிபார்க்க வேண்டும். மரப்படகில் பட்டையை ஏராவுடன் பிணைக்கும் மரையாணிகளும் கழற்றிப் பார்க்கப்பட வேண்டும்.
- கண்ணாடியிழைப் பகுதி: சிதைந்த அடுக்குகளை அகற்றி, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து, முற்றிலும் உலர்ந்தபின் புதிய இழையும் பிசினும் இடப்படுகின்றன. சாய்வின் நீளம் தடிமனைப் போல் 12 மடங்கு இருப்பது பொதுவான நெறி. ஈரத்தின் மீது இட்ட பிசின் ஒட்டாது.
- சங்கிலியும் கம்பிவடமும்: நீண்டுபோன கண்ணிகளும் இழை அறுந்த வடமும் மாற்றப்படுகின்றன. ஹைட்ராலிக் அமைப்பில் எண்ணெய் நிரப்பியபின் உள்ளே தங்கிய காற்று முழுவதும் வெளியேற்றப்பட வேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேற்றப்பட்டுச் செப்பனிடப்படுகின்றன. ஆனால் ஆண்டின் நடுவில் தரைதட்டிய படகைத் தடைக்காலம் வரை ஓட்டுவது ஆபத்தானது. கரையேற்றும் கூலியும் இழந்த மீன்பிடி நாள்களும் பெருஞ்செலவாக இருப்பதே இத்தள்ளிப்போடலுக்குக் காரணம். உடனே கரையேற்ற இயலாதபோது, பிரித்துப் பார்க்கும் சோதனையையும் கீ, மரையாணிச் சோதனைகளையும் நீரில் நிற்கும் படகிலேயே செய்துவிட முடியும்.

சோதனை ஓட்டம்

செப்பனிட்டபின் முதலில் கரையில் கட்டப்பட்ட நிலையில் சக்கரத்தை நடுநிலையிலிருந்து இருபுறமும் முழுமையாகச் சுழற்றி, சுற்றுகளின் எண்ணிக்கை சமமாக உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் அமைதியான நீரில் மெதுவாக எட்டு வடிவில் ஓட்டி, படிப்படியாக வேகம் கூட்டப்படுகிறது. ஓட்டம் முடிந்ததும் அடைப்பில் கசிவும் மரையாணிகளில் தளர்வும் மீண்டும் பார்க்கப்பட வேண்டும்.

பெரிய கப்பல்களுக்குப் பன்னாட்டு விதி உண்டு. முழு வேகத்தில் செல்லும்போது சுக்கான் ஒருபுறம் 35 பாகையிலிருந்து மறுபுறம் 30 பாகை வரை 28 நொடிக்குள் திரும்ப வேண்டும் என்பது அவ்விதி.

தற்காலிகத் திருப்புமுறைகள்

நடுக்கடலில் சுக்கான் செயலிழந்தால் கரை சேரச் சில வழிகள் உள்ளன. சக்கர இணைப்பு மட்டும் அறுந்திருந்தால் திருப்புகையில் இரும்புக்குழாய் செருகிக் கையால் திருப்பலாம். இலையே இழக்கப்பட்டால் நீண்ட துடுப்பை அல்லது பலகை கட்டிய கழியைப் பின்புறத்தில் பிணைத்துத் திருப்பலாம். இது கட்டுமரத்தின் பழைய முறையே. வாளியைக் கயிற்றில் கட்டிப் பின்புறத்தின் ஒரு பக்கத்தில் இழுத்துச் சென்றால் படகு அப்பக்கம் திரும்பும். இந்நிலையில் முகத்துவார அலையைத் தனியே கடக்க முயலாமல், வெளியே நங்கூரமிட்டு வேறொரு படகின் இழுவைக்குக் காத்திருப்பதே நல்லது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலின்போது பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் நங்கூரம் பிடிக்காமல் இழுக்கப்பட்டு, சென்னை எலியட்சு கடற்கரை அருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் வெளியேறியவர்களுள் சிலர் அது கவிழ்ந்ததால் உயிரிழந்தனர். நவம்பரில் கப்பல் இழுவைக் கப்பல்களால் மீண்டும் மிதக்கவிடப்பட்டது.

1978 மார்ச்சு 16 அன்று அமோகோ காடிசு என்னும் எண்ணெய்க் கப்பலில் இவ்வரிசை தலைகீழாக நிகழ்ந்தது. பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால் அதன் ஹைட்ராலிக் திருப்பமைப்பு முதலில் பழுதடைந்தது. திசை இழந்த கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 2,20,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. இதன்பின் எண்ணெய்க் கப்பல்களின் திருப்பமைப்பு பற்றிய பன்னாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன. தரைதட்டல் சுக்கானைப் பழுதாக்குகிறது. பழுதான சுக்கான் மீண்டும் தரைதட்டலுக்கு இட்டுச் செல்கிறது. சோதனையும் செப்பனிடுதலும் இச்சுழலை நிறுத்துகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- சுக்கான்
- கட்டுமரம்
- பக்கிங்காம் கால்வாய்
- பள்ளிக்கரணை சதுப்புநிலம்
- முட்டுக்காடு
- பெரும்பாக்கம்